பெரியம்மாவுக்கு விழுந்த அடி

என் மாமனாருக்குச் சட்டை எடுக்கக் கூடப் போவது ஒரு தண்டனை. நீலமா சாம்பலா என்று முக்கால் மணி நேரம் நிற்பார். இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார். கடைக்காரரிடம் அபிப்பிராயம் கேட்பார். கடைக்காரர் நீலம் என்று சொன்னால், அவர் சொன்னதாலேயே நீலம் வேண்டாம் என்பார். கடைசியில் அத்தை வந்து ஏதோ ஒன்றைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார்.

இதே மனிதர்தான் காட்டில் நூறு வயது மரத்தின் தலையெழுத்தை அரை நிமிடத்தில் முடிவு செய்வார். மரத்தை ஒரு சுற்று சுற்றுவார், கழுத்து ஒடிய உச்சியைப் பார்ப்பார், காலால் வேரை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு ஒன்று சுத்தியலை எடுப்பார், இல்லையென்றால் வாயைத் திறக்காமல் அடுத்த மரத்துக்கு நடப்பார். நடந்துவிட்டால் அந்த மரம் பிழைத்தது என்று அர்த்தம்.

அவர் முத்திரைக்காரர். எங்கள் காட்டை யாரும் ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. சரிவு முழுவதையும் முப்பது பங்காகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்கில்தான் கை வைப்பார்கள். அந்தப் பங்கிலும் பொறுக்கித்தான் வெட்டுவார்கள். முற்றியது, சாய்ந்தது, நோய் பிடித்தது, கீழே முளைத்து வரும் இளசுகளின் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்பது, இவைதான் போகும். நேராக, தெம்பாக, நல்ல காய் காய்க்கிற மரம் விதைக்காக நிற்கும். எது போவது, எது நிற்பது என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம்.

அதற்கு அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்தது ஒரு சுத்தியல். ஒரு பக்கம் கோடாலி வாய், மறு பக்கம் இரும்பு முத்திரை, முத்திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஏழு. கோடாலி வாயால் பட்டையைச் சீவி, திருப்பி ஒரு அடி. மார்பளவில் ஒன்று, வேரடியில் ஒன்று. மேலே அடித்தது கட்டையோடு போய்விடும். கீழே அடித்தது அடிக்கட்டையிலேயே தங்கும். பிறகு தணிக்கைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு அடிக்கட்டையாகக் குனிந்து பார்ப்பார்கள். ஏழு இல்லாத அடிக்கட்டை திருட்டு மரம்.

நான் அவருடைய பதிவேட்டுக்காரன். அவர் அடிக்க அடிக்க எண், இனம், சுற்றளவு என்று எழுதிக்கொண்டு பின்னாலேயே போவேன். முதலில் இந்த வேலைக்கு வந்தேன், பிறகுதான் மருமகன் ஆனேன். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் பெண் கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லுவார். சட்டைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டவர் எனக்கு ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டார். அப்போதும் அத்தைதான் பிடுங்கிப் பையில் போட்டிருக்க வேண்டும்.

காட்டுக்குள் போக ஒரு தடுப்புக் கட்டை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் நான் வேலையாள், இந்தப் பக்கம் மாப்பிள்ளை. அந்தப் பக்கம், "என்னய்யா தூங்கறே, எழுது!" என்று கத்துவார். மாலையில் கட்டையைத் தாண்டிக் கால் வைத்ததும் குரல் குழைந்துவிடும். "பையைக் குடுங்க மாப்பிள்ளை, நான் எடுத்துக்கறேன், களைச்சுப் போயிருப்பீங்க" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட இது மாறியதில்லை.

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். பேசும்போது கையில் இருப்பதால் எதிரில் இருப்பதைத் தட்டுவார். பேச்சு சூடு பிடித்தால் தட்டலும் சூடு பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டித் தட்டி ஒரு பக்கம் குழியே விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் நம் தொடைதான் மேசை. செய்தி நேரம் வந்தால் அத்தை எழுந்து, அவர் கைக்கு எட்டும் தூரத்திலிருக்கிற டம்ளர்களை எல்லாம் எடுத்து அப்பால் வைத்துவிடுவார்.

காட்டில் இது விபரீதம் ஆகிவிடக் கூடாது என்று அவரே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சுத்தியலின் முத்திரைப் பக்கத்துக்கு ஒரு தோல் உறை. யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலில் உறையை மாட்டி வாரை இறுக்குவார், பிறகுதான் வாயைத் திறப்பார். அந்த வார் ஒரு செவ்வாய்க்கிழமை அறுந்துபோனது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் நான்தான் கொடுத்துவிட்டு வந்தேன். புதன்கிழமை வாங்கி வர வேண்டியதும் நான்தான். மறந்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் கேட்டார், "நாளைக்கு" என்றேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்துச் சரகத்தில் நான்காம் நம்பர் சுத்தியல் வைத்திருப்பவர் அத்தையின் கூடப்பிறந்த அண்ணன். இந்தக் கதைக்குப் பதினெட்டு வருடம் முன்னால் பனிமூட்டத்தில் ஒரு மரத்துக்கு அடிப்பதற்குப் பதிலாகப் பக்கத்து மரத்தில் அடித்துவிட்டார். அன்று சாயங்காலமே ஆபீசுக்குப் போய், தப்பு என்று எழுதிக் கொடுத்து, அந்த முத்திரையை ரத்து செய்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றிலிருந்து என் மாமனார் அவருக்கு வைத்த பெயர் 'ரத்து'. எந்த விசேஷமாக இருந்தாலும், எத்தனை பேர் இருந்தாலும், வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க ரத்து, உட்காருங்க. உட்காரலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல அதையும் ரத்து பண்ணப் போறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சாப்பிடுவார். அத்தைக்கு மட்டும் முகம் சிவக்கும். "எங்க அண்ணனாவது ஒத்துக்கிட்டாரு" என்பார். "நான் ஒத்துக்கறதுக்கு என்ன இருக்கு? இருபத்தாறு வருஷமா என் கை தப்புனதில்ல" என்று மாமனார் மேசையைத் தட்டுவார்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். புதுக் காண்ட்ராக்டர் அன்று எங்களோடு வந்திருந்தார். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, காதில் பென்சில், மரியாதையான மனிதர். இதுவரை சமவெளியில் நட்டு வளர்த்த தோப்புகளைத்தான் வெட்டியவர். காலையில் மாமனார் அவருக்கு விதிகளை எல்லாம் வாசித்துக் காட்டினார். "சுத்தியல் பட்ட மரம் வெட்டு மரம். படாத மரத்தை நீங்க தொட்டா நான் உங்களைத் தொடுவேன்" என்று முடித்தார். காண்ட்ராக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

மத்தியானம் வரை எண்பத்தேழு மரம் ஆனது. காண்ட்ராக்டருக்குக் கால் வலி. ஷூவில் பாதிச் சரிவு ஒட்டியிருந்தது. ஒரு மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு இப்படிப் பொறுக்கறீங்களே, முடி வெட்டற கடையில ஒவ்வொரு முடியா எண்ணியா வெட்டறாங்க? மொத்தமா மழிச்சுட்டுப் புதுசா நட்டுட்டாப் போச்சு."

மாமனார் நின்றார். அவர் கை தன்னால் இடுப்பில் உறையைத் தேடியதை நான் பார்த்தேன். உறை செருப்புத் தைப்பவரிடம் இருந்தது.

"மழிக்கறது தப்புன்னு நான் சொல்லல" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "நீங்க வெட்டுனது நட்ட தோப்பு. எல்லாம் ஒரே நாள்ல பொறந்தது, ஒரே நாள்ல அறுக்கலாம். இது தானா வளர்ந்தது. தாத்தாவும் இருக்கும், பேரனும் இருக்கும். இந்தச் சரிவை மழிச்சா முதல் மழைக்கே மண்ணு பூரா கீழ ஓடையில நிக்கும். மண்ணு போன எடத்துல எதை நடுவீங்க, உங்க ஷூவையா?"

"கோபப்படாதீங்க ஐயா."

"கோபமா? எனக்கா? இங்க வாங்க." காண்ட்ராக்டரின் கையைப் பிடித்துப் பத்து அடி இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் பெரியம்மா நின்றாள்.

பெரியம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். கட்டை சிவப்பாக இருக்கும் ஒரு இனம். அந்தச் சரிவிலேயே காய்க்கிற வயதில் அந்த இனத்துக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அவளைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஏழெட்டுக் கன்றுகள் பிழைத்து நின்றன. அதெல்லாம் அவள் கடைசியாகக் காய்த்தபோது விழுந்தவை. அது நடந்து ஆறு வருடம். விதை மரங்களுக்கும் வேறொரு பதிவேட்டில் சுற்றளவு எழுதுவோம், அதனால் எங்களோடு வரும் அளவுக்காரர் முன்னாலேயே போய் மரத்தில் நாடாவைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்.

"இந்தச் சரிவு பூரா இவ பிள்ளைங்கதான் வரணும்" என்று மாமனார் இடது கையால் மரத்தைத் தட்டினார். "இவ போனா இந்த இனமே இங்க இல்ல. அதனால இந்த மரத்தை மட்டும்," ஒரு தட்டு, "எவனும்," இன்னொரு தட்டு, "தொடவே கூடாது!"

மூன்றாவது தட்டு வலது கையால் விழுந்தது. போன மழையில் ஒரு கிளை முறிந்து உரசியதில் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை இல்லை. இருபத்தாறு வருடம் பட்டையில்லாத இடத்திலேயே அடித்துப் பழகிய கை, அந்த இடத்தைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

டக் என்று கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டால் அளவு சொல்வது அளவுக்காரரின் வாய்ப்பழக்கம். "நானூத்திப் பன்னெண்டு!" என்று கத்தினார். அளவு கேட்டால் எழுதுவது என் கைப்பழக்கம். எண்பத்தெட்டு, செங்கட்டை, நானூற்றுப் பன்னிரண்டு என்று வெட்டு மரப் பதிவேட்டில் எழுதி முடித்த பிறகுதான் நான் நிமிர்ந்தேன்.

வட்டத்துக்குள் ஏழு. பதினாலு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு முத்திரை விழுந்து நான் பார்த்ததில்லை. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. சுத்தியலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கத்தில் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.

காண்ட்ராக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "ஐயா, சுத்தியல் பட்ட மரம் வெட்டு மரம்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?" என்றார் பணிவாக. "நான் கேட்டு வாங்கல. நீங்களா குடுத்தீங்க. திங்கக்கிழமை ரம்பம் வருது."

அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவேட்டில் பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும். அடித்தல் திருத்தல் கூடாது. வேரடியில் இன்னும் அடிக்கவில்லையே என்று நான் முனகிப் பார்த்தேன். ஒரு முத்திரை விழுந்தாலும் மரம் வெட்டில் சேர்ந்ததுதான், கீழே அடிக்காதது எங்கள் குற்றம் என்று விதி சொல்கிறது. வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்னொரு சுத்தியல்காரர் வந்து மரத்தைப் பார்த்து, ஏழின் மேல் தன் எண்ணைக் குறுக்கே அடிக்க வேண்டும். தப்புச் செய்தவர் காரணத்தைத் தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். ரேஞ்சர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் ரம்பம் படுவதற்கு முன்னால். திங்கட்கிழமைக்குள் வந்து சேரக்கூடிய சுத்தியல்காரர் ஒருவர்தான் இருந்தார். அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"அதைத் தவிர வேற வழி பார்ப்போம்" என்றார் மாமனார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வேறு வழி பார்த்தோம். முதலில் ரம்பக்காரியைக் கூட்டிக்கொண்டு போனார். மெஷின் ரம்பத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மரத்தை எந்தப் பக்கம் விழவைக்க வேண்டுமோ அந்தப் பக்கம் விழவைப்பதற்கு அவளைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மூன்று வருடம் மேலிடத்துக்கு எழுதியவர் மாமனார்தான்.

"நல்லாப் பாரும்மா. இதை எந்தப் பக்கம் சாய்ச்சாலும் கன்னுங்க நசுங்கும், இல்லையா?"

அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். முப்பது அடி தள்ளிப் போய் ஒரு குச்சியை நட்டாள். "இந்தக் குச்சி மேல படுக்க வெச்சிடறேன் ஐயா. ஒரு கன்னு மேல ஒரு இலை விழாது."

"காத்து அடிச்சா?"

"காத்து நின்னப்புறம் வெட்டறேன்."

"உள்ள பொக்கையா இருந்தா? நடுவுல பிளந்து எங்கேயாவது விழுந்தா?"

கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தாள். "கிண்ணுன்னு இருக்கு. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே ஐயா" என்று பெருமையாகச் சிரித்தாள். மாமனாருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

அடுத்தது காண்ட்ராக்டர். இவ்வளவு பெரிய கட்டையை இழுத்துக்கொண்டு போனால் சரிவு உழுதது போல் ஆகிவிடும், அனுமதிக்க முடியாது என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். "இழுக்கவே போறதில்லையே ஐயா" என்றார் காண்ட்ராக்டர். "மேல இருந்து இரும்பு வடம் கட்டி, அந்தரத்துல தூக்கி எடுக்கறோம். மண்ணுல ஒரு கீறல் விழாது. உங்க நிபந்தனையில பதினோராவது அதுதான்." அந்தப் பதினோராவது நிபந்தனையைச் சேர்ப்பதற்காக மூன்று ரேஞ்சர்களோடு சண்டை போட்டவர் யார் என்று கேட்பதுபோல அளவுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கடைசியாக ஓடை. ஓடையிலிருந்து முப்பது காலடிக்குள் இருக்கிற மரத்தை வெட்டக் கூடாது. மாமனார் ஓடைக்கரையில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு, மனிதனால் வைக்க முடிந்த ஆகப் பெரிய காலடிகளாக வைத்து நடந்தார். அப்படியும் முப்பத்து நாலு வந்தது. இரண்டாம் முறை இன்னும் அகலமாக வைத்தார். முப்பத்து இரண்டு. மூன்றாம் முறை கால்சட்டை கிழிந்ததுதான் மிச்சம். இருபத்தாறு வருடம் அவர் போராடிக் கொண்டுவந்த நல்ல முறைகள் ஒவ்வொன்றும் எதிரே வந்து நின்று, பெரியம்மாவைத் தாராளமாக வெட்டலாம் என்று சாட்சி சொன்னது.

வீட்டில் அன்று செய்தி நேரத்தில் அத்தை வழக்கம்போல டம்ளர்களை நகர்த்தி வைத்தார். மாமனார் தட்டவில்லை. விலைவாசி பற்றிச் செய்தி வந்தது, அதற்கும் தட்டவில்லை. அத்தை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன நடந்துச்சு மாப்பிள்ளை?"

எனக்குப் பொய் வராது. உறையில் ஆரம்பித்துக் கால்சட்டை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

"பாதித் தப்பு உங்களுது மாப்பிள்ளை" என்றார் என்னிடம். பிறகு அவரிடம், "எங்க அண்ணனைக் கூப்பிடறேன்" என்றார்.

"கூப்பிட்டா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"எங்க போறதுன்னு முடிவு பண்ணவே உங்களுக்கு ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள மரம் போயிடும்."

அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு மனிதரின் வீம்புக்காக இருநூறு வயது மரம் சாக வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் பதினெட்டு வருடம் ஒருவரைப் பல பேர் முன்னால் ஒரே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவர் வாசலில் போய் அதே பேருக்காக நிற்பது எனக்கென்றாலும் கால் கூசும். உறையை நான் மட்டும் வாங்கி வந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

சனிக்கிழமையும் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் "ஒரு நடை போய் வரலாம்" என்று மட்டும் சொன்னார். நேராகப் பெரியம்மாவிடம்தான் போனோம். பெரியம்மாவின் அடியில் ரம்பக்காரி நட்ட குச்சி அப்படியே நின்றது. மாமனார் முத்திரையைப் பார்க்காமல் பின்பக்கமாகப் போய் நின்று, பழக்கதோஷத்தில் உச்சியைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பையிலிருந்து தொலைநோக்கியை எடுக்கச் சொன்னார்.

"மொட்டு" என்றார்.

நானும் வாங்கிப் பார்த்தேன். உச்சிக் கிளைகளின் நுனியெல்லாம் பச்சை அரிசி தூவினாற்போல மொட்டு. நான்கு மாதத்தில் காய், பிறகு இறக்கை வைத்த விதை. நல்ல காற்று அடித்தால் சரிவு முழுவதும் போய் விழும்.

"ஆறு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப வெக்கிறா பாரு" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு, கொஞ்ச நேரம் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வண்டியை எடுங்க மாப்பிள்ளை. ரத்து வீட்டுக்குப் போகணும்" என்றார்.

நாங்கள் போனபோது அத்தையின் அண்ணன் முன்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தோளைச் சுற்றிப் பழைய செய்தித்தாள், தலை முழுக்கக் கறுப்பாகச் சாயம். அரை மணி நேரம் அசையக் கூடாதாம். "வாங்க மச்சான், எழுந்திருக்க முடியல, மன்னிக்கணும்" என்றார். மாமனார் உட்காரவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். கையில் எதுவும் இல்லை, எதையும் தட்டவும் இல்லை.

நான் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடத்துப் பாக்கியை வட்டியோடு திருப்பித் தரப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"எந்தப் பக்கம் அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"மேற்கால."

"ஆழமா?"

"ஆழமாத்தான்."

"பூக்குமா?"

"மொட்டு வெச்சிருக்கு."

"சரி. தலையைக் கழுவிட்டு வர்றேன்" என்றார். அவ்வளவுதான். கழுவிவிட்டு வந்து மேசை இழுப்பறையைத் திறந்து, ரத்துப் படிவம் ஒன்றை எடுத்துப் போட்டார். அதில் இரண்டு பிரதி வைத்திருந்தார்.

'காரணம்' என்று இருந்த இடத்தில் மாமனார் மாட்டிக்கொண்டார். வெள்ளைத் தாளில் முதலில் எழுதிப் பார்த்தார். 'கவனக்குறைவால்' என்று எழுதிவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் எனக்கு ஏது கவனக்குறைவு என்று கிழித்தார். 'எதிர்பாராத விதமாக' என்று எழுதிவிட்டு, மரம் என்ன ரோட்டைக் கடந்ததா என்று அதையும் கிழித்தார். நீலச் சட்டை, சாம்பல் சட்டை கதைதான். மூன்றாவது தாளையும் கசக்கியபோது அத்தையின் அண்ணன் பேனாவை அவர் விரல்களுக்கு நடுவில் சரியாக வைத்தார்.

"நடந்ததை எழுதுங்க மச்சான். எனக்கும் அப்படித்தான் வேலை முடிஞ்சுது."

அவர் எழுதியது இன்றைக்கும் ஆபீஸ் கோப்பில் இருக்கிறது. 'இந்த மரத்தை எவனும் தொடக்கூடாது என்று விளக்கிச் சொல்லும்போது நானே அடித்துவிட்டேன்.'

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ரேஞ்சரம்மா அதை நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "இதுக்கு ஈடா வேற ஒரு மரம் குடுத்துடுங்க" என்றார்.

நாங்கள் சரிவு ஏறும்போது ரம்பக்காரி பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தையின் அண்ணன் பெரியம்மாவை முறைப்படி ஒரு சுற்றுச் சுற்றி, ஏழின் மேல் நாலைக் குறுக்கே அடித்தார். நான் பதிவேட்டில் எண்பத்தெட்டுக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதினேன். ஈடாக, அறுபது அடி மேலே சாய்ந்து நின்ற ஒரு கிழ மரத்தை மாமனார் அரை நிமிடத்தில் தேர்ந்து அடித்தார். காண்ட்ராக்டர் கணக்குப் பார்த்து, "திருப்திதான் ஐயா" என்றார். புது வார் போட்ட உறை மாமனார் இடுப்பில் தொங்கியது. சனிக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே நான் போய் நின்றுவிட்டேன்.

இறங்கும் வழியில் மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"சொல்றதைச் சொல்லிடுங்க மச்சான். இனிமே என்னை என்னன்னு கூப்பிடப் போறீங்க?"

அவர் ஓடையைத் தாண்டிவிட்டுச் சொன்னார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை என் ரத்து மரத்தைப் போய்ப் பார்த்துட்டு வர்றேன். பதினெட்டு வருஷமாச்சு. முத்திரை மேல பட்டை மூடிடுச்சு, கையை வெச்சுப் பார்த்தாத்தான் மேடு தெரியும். நல்லா வளர்ந்திருக்கு. கிளி கூடு கட்டியிருக்கு." கொஞ்ச தூரம் நடந்தார். "நான் சரியா அடிச்சது முப்பதாயிரம் இருக்கும் மச்சான். அதுல ஒண்ணைக்கூடப் போய்ப் பார்க்க முடியாது. எல்லாம் அடிக்கட்டை."

தடுப்புக் கட்டை வந்தது. மச்சான் குனியாமல் போவதற்கு மாமனாரே கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. காட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோய், அண்ணன் பெரிய ரத்து, மாமனார் சின்ன ரத்து என்று ஆகிவிட்டது. அப்படி யாராவது கூப்பிட்டால் மாமனாரும் திரும்பிப் பார்க்கிறார். இந்த வருடம் ஓய்வு பெற்ற அன்று சுத்தியலை எண்ணெய் துடைத்து ஆபீசில் ஒப்படைத்தார். அவர் அடித்தது மொத்தம் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம், ரத்து ஒன்று என்று ரேஞ்சரம்மா வாசித்தார். கை தட்டினார்கள். எந்த எண்ணுக்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில் அத்தை அந்தச் சரிவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் மூச்சு வாங்கியது, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். பெரியம்மாவைச் சுற்றிலும் முழங்காலளவு கன்றுகள். நடக்க இடமில்லை. ரத்து செய்த வருடம் விழுந்த விதைகள்தான். மாமனார் இருநூற்றுப் பதினாறு வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டார். முத்திரை இருந்த இடத்தில் பட்டை நாலா பக்கத்திலிருந்தும் ஓரம் கட்டி வந்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு மட்டும் மிச்சம் இருந்தது. ஏழும் தெரியவில்லை, நாலும் தெரியவில்லை.

"இதுவா?" என்றார் அத்தை, அண்ணாந்து பார்த்து.

"இதுதான்" என்றார் மாமனார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு அடி முன்னால் போய் நின்றார். "இந்தச் சரிவு பூரா நிக்குதே, எல்லாம் இவ பிள்ளைங்க. அதனால இந்த மரத்தை மட்டும்," என்று ஆரம்பித்து, வலது கையைத் தூக்கினார்.

அத்தை பாய்ந்து போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் ஒன்றும் இல்லை. இருந்தும் கீழே இறங்கும் வரை அத்தை விடவில்லை.